இருமாத ஆடுகள்

செம்மறி ஆட்டு நுரையீரல் பூஞ்சைப் பிரிவின் தலைமை ஆய்வாளர் ஒரு செம்மறி ஆட்டைக் கையால் தொட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. இதை அவரே ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சிரித்தார்.

நிலையத்தில் அவருக்குப் பெயர் பூஞ்சை. ஆராய்வதும் பூஞ்சை, ஆளும் பூஞ்சை. காற்று பலமாக அடிக்கிற நாளில் பறந்துவிடாமல் இருக்கத்தான் கக்கத்தில் கோப்புக் கட்டை வைத்துக்கொண்டு நடக்கிறார் என்று உணவகத்தில் பேசிக்கொள்வார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. கோபம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தக் கோப்புகள் வேறு எதற்கும் பயன்பட்டதாக அவருக்கும் ஞாபகம் இல்லை.

ஆராய்ச்சியின் அடிப்படை ரொம்ப எளியது. ஈரத்தில் கிடந்த தீவனத்தில் பூஞ்சை பிடிக்கும். அதன் தூளை ஆடு மூச்சோடு இழுக்கும். தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்து அங்கேயே குடித்தனம் நடத்தும். ஆடு இருமும், இளைக்கும், சாகும். இதை ஆராய இருமுகிற ஆடுகள் ஒரு பக்கமும் இருமாத ஆடுகள் இன்னொரு பக்கமும் வேண்டும். இருமுகிற ஆடுகளை ஒன்பது வருஷமாக நிலையத்தால் வாங்க முடியவில்லை. நோயுள்ள பிராணிகளைக் கொள்முதல் செய்யக் கூடாது என்று விதி இருந்தது. ஆகவே இருமாத ஆடுகள் பன்னிரண்டை வாங்கிக் கொட்டகையில் கட்டினார்கள்.

அதற்கு அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தில்தான் முதல் சிக்கல் வந்தது. பிரிவின் தட்டச்சு அம்மாள் சொற்களுக்கு நடுவே காற்றோட்டம் வேண்டும் என்று நினைக்கிறவர். 'இருமாத ஆடுகள்' என்பதை 'இரு மாத ஆடுகள்' என்று அடித்துவிட்டார். இரண்டு மாதக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து ஆராய்ச்சிக்கு உட்படுத்துவது இரக்கமற்ற செயல் என்று நெறிமுறைக் குழு கோப்பைத் திருப்பி அனுப்பியது. பூஞ்சை பதில் எழுதினார்: "அவை இரண்டு மாத ஆடுகள் அல்ல, இருமாத ஆடுகள்." தட்டச்சு அம்மாள் அதையும் காற்றோட்டமாகவே அடித்தார். "இரண்டு மாத ஆடுகளுக்கும் இரு மாத ஆடுகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஆதாரங்களுடன் விளக்கவும்" என்று குழு கேட்டது. விளக்கமும் மறுவிளக்கமும் போய் வந்தன. கடைசியில், சம்பந்தப்பட்ட குட்டிகள் இதற்குள் இரண்டு வயதைக் கடந்துவிட்டபடியால் ஆட்சேபணை இல்லை என்று உத்தரவு வந்தது. அன்றைக்குப் பூஞ்சை எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையில் கிடைத்த முதல் முடிவு அதுதான்.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள். அக்காவும் அத்தானும் பஸ்ஸில் நாலு மணி நேரம் தள்ளி ஒரு மேட்டு நிலத்தில் நாற்பது ஆடுகள் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை போவதாகச் சொல்லி, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பூஞ்சை போய்வருகிற இடம்.

"டேய், ஆடு இருமுதுடா. ஏழு ஆடு. நேத்து ஒண்ணு செத்துப்போச்சு. நீ இதுக்குத்தான படிச்ச, என்ன பண்ணட்டும் சொல்லு."

பூஞ்சைக்கு முதலில் வந்தது கவலை இல்லை, சந்தோஷம். ஒன்பது வருஷத்தில் இருமுகிற ஆட்டை வைத்திருக்கும் ஒரு ஆள் அவரைத் தேடி வந்தது இதுவே முதல் தடவை. உடனே அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தை மறைக்க அலுவலகக் குரலுக்கு மாறினார்.

"எப்பலேர்ந்து இருமுது, எத்தனை தடவை இருமுது, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வை. செத்த ஆட்டோட நுரையீரல் வேணும். முக்கியமா ஒண்ணு, எதையும் மாத்தாத."

"எதை?"

"எதையுமே. தீவனம், தண்ணி, இடம், எல்லாம் இப்ப இருக்குற மாதிரியே இருக்கணும். மாத்தினா எதனால வந்துதுன்னு கண்டுபிடிக்க முடியாம போயிடும்."

"காஞ்ச புல்லு கொஞ்சம் நாத்தம் அடிக்குதுடா. மழையில நனைஞ்சுடுச்சு."

"அதையும் மாத்தாத."

அக்கா பள்ளிக்கூடத்தை ஏழாவதோடு நிறுத்தியவள். தம்பி மேலே மேலே படித்ததில் அவளுக்கு இருந்த பெருமை தம்பிக்கே இருந்ததில்லை. "சரிடா, நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டாள்.

புதன்கிழமை அவளே வந்து நின்றாள். கையில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. அதைச் சுற்றி ஈரத்துணி. வாசல் காவலர் போன் செய்ய, பூஞ்சை இறங்கிப் போனார். மாதிரி ஏற்புப் பிரிவின் ஜன்னலுக்குப் பின்னாலிருந்த ஆள் டப்பாவைத் தொடவே இல்லை. ஆட்டுக்குப் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. இறப்புச் சான்று? இல்லை. பிறந்த தேதி?

"போன மழைக்கு முந்தின மழை" என்றாள் அக்கா.

அந்த ஆள் அதை எழுதிப் பார்த்துவிட்டு அடித்தார். மாதிரிகளை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழு மாதத்தின் முதல் புதன்கிழமை கூடும் என்றார்.

"இன்னைக்குப் புதன்கிழமைதானே" என்றாள் அக்கா.

"இது மூணாவது புதன்மா."

"அதுவரைக்கும் இது தாங்காதேய்யா."

"அழுகிப்போன மாதிரிக்குத் தனிக் குழு இருக்கு. அவங்க ரெண்டாவது வெள்ளி."

பூஞ்சை தலையைக் குனிந்துகொண்டார். மாதிரி ஏற்பு விதிகளை வகுத்த மூவரில் அவரும் ஒருவர். புதன்கிழமை என்று முன்மொழிந்ததே அவர்தான். திங்கட்கிழமை வேறு கூட்டம் இருந்தது.

வழியைக் காட்டியவர் வாசல் காவலர். டப்பாவை எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, சாப்பாடா?" என்று கேட்டார்.

"ஆட்டு நுரையீரல்."

"அப்ப சாப்பாடுதான். அதுக்கு ஒண்ணும் வேணாம், எடுத்துட்டுப் போங்க சார்." பதிவேட்டில் 'மதிய உணவு, ஒன்று' என்று எழுதிக்கொண்டார்.

அக்கா சாப்பிடக்கூட நிற்கவில்லை. ஆடுகளை அத்தான் ஒருவரால் பார்த்துக்கொள்ள முடியாது என்று அடுத்த பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது, "சீக்கிரம் பாத்துச் சொல்லுடா. கெடா ஒண்ணு ராத்திரி பூரா தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது" என்றாள்.

பூஞ்சை அறையைச் சாத்திக்கொண்டு டப்பாவைத் திறந்தார். நுரையீரல் முழுக்கக் குண்டூசித் தலை அளவில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். விரலால் தடவினால் மணல் மாதிரி நெருடியது. அவர் பாடப் புத்தகத்தில் பார்த்திருந்த படம் டப்பாவுக்குள் படுத்திருந்தது. அந்த நிமிஷத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிவது வேறு, உறுதி செய்வது வேறு என்று பதினெட்டு வருஷமாக அவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். ஆகவே நுண்ணோக்கியின் உறையைக் கழற்றினார்.

உறைக்கு மேல் பொருள் எண் ஒட்டிய சீட்டு இருந்தது. 'நல்ல நிலையில் உள்ளது' என்று வருஷா வருஷம் அதில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். நுரையீரலிலிருந்து ஒரு துண்டைச் சீவிக் கண்ணாடியில் வைத்துக் குனிந்து பார்த்தார். கிளை கிளையாகப் பிரிந்து, வேர் மாதிரி படர்ந்து, அழகான பூஞ்சை இழைகள். குறிப்பேட்டில் நேரத்தை எழுதினார். இன்னொரு துண்டு வைத்தார். அதிலும் அதே இழை. அதே இடத்தில் அதே கிளை. சந்தேகம் வந்து, துண்டே இல்லாமல் வெறும் கண்ணாடியை வைத்தார். இழை இருந்தது. கண்ணாடியையும் எடுத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் இருந்தது.

பூஞ்சை ஆட்டில் மட்டும் இல்லை. உறைக்குள் புழுங்கிக் கிடந்த நுண்ணோக்கியின் லென்ஸிலும் பிடித்திருந்தது. பூஞ்சைப் பிரிவின் ஒரே நுண்ணோக்கியில், தலைமை ஆய்வாளர் பூஞ்சையின் நேரடிப் பொறுப்பில், பல வருஷமாக யார் தொந்தரவும் இல்லாமல் அது வளர்ந்திருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு லென்ஸைச் சுத்தம் செய்யக் கோரி விண்ணப்பம் எழுதினார். இதுவரை சுத்தமாக இருந்ததாகக் கையெழுத்துப் போட்டதை மறைக்க 'சமீபத்திய ஈரப்பதம் காரணமாக' என்று ஒரு வரி சேர்த்தார்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தார்.

"சந்தேகம் இருக்குக்கா. ஆனா உறுதியா சொல்ல முடியாது. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அப்படியே இருக்கட்டும்."

அவர் வாயில் 'புல்லை மாத்து' என்ற இரண்டு சொல் வந்து நின்றது. கோப்பு எண் இல்லாத இரண்டு சொல். விழுங்கிவிட்டார்.

மறுவாரம் இயக்குநர் எல்லாரையும் கூட்டினார். மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி நிலையத்தைப் பார்வையிட வருகிறார். இயக்குநர் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார்.

"நோயைக் குணப்படுத்தறது டாக்டருங்க வேலை. அவங்க அவசரப்பட்டுக் குணப்படுத்திடுவாங்க. நாம அப்படி இல்ல. நாம ஒரு நோயை மதிக்கிறோம். நான் கேக்கறேன், இந்தப் பூஞ்சை நோயை நாளைக்கே கண்டுபிடிச்சு ஒழிச்சுட்டோம்னு வைங்க. நாளன்னைக்கு நீங்க எந்த நாற்காலியில உக்காருவீங்க? நாற்காலி யாரோடது? நோயோடது. நாம சும்மா உக்காந்திருக்கோம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். பூஞ்சையும் ஆட்டினார். ஆட்டும்போதே, இந்த ஆள் என்ன உளறுகிறார் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் பலமாக ஆட்டினார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது கொட்டகைக்காரர் காத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஆடுகளையும் தண்ணி வைத்துப் புல் போட்டுக் காப்பாற்றி வருகிறவர்.

"சார், நம்ம ஆடு இருமுது."

"எது?"

"இருமாத ஆடுங்கதான். நாலு இருமுது. கிடங்குல ஓடு உடைஞ்சு புல்லுக் கட்டெல்லாம் நனைஞ்சு கெடக்கு சார். பச்சை பச்சையாப் பூத்திருக்கு. நான் எழுதிக் கொடுத்து மூணு மாசமாச்சு."

இருவரும் இயக்குநரிடம் போனார்கள். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பைத் திறந்து விரல் வைத்துக் காட்டினார்.

"இங்க என்ன போட்டிருக்கு? இருமாத ஆடுகள். நாம அனுமதி வாங்கினது இருமாத ஆட்டுக்கு. அது இருமினா அது நம்ம ஆடே இல்ல. அப்ப நம்ம ஆடு எங்கன்னு கேப்பாங்க. நீங்க பதில் சொல்வீங்களா?"

"சார், அது வாஸ்தவமாவே இருமுது" என்றார் கொட்டகைக்காரர்.

"அதிகாரி வந்துட்டுப் போறவரைக்கும் இருமாமப் பாத்துக்கங்க."

புல்லை மாற்றலாமா என்று பூஞ்சை மெல்லக் கேட்டார். கிடங்கில் சரக்கு இருக்கும்போது புதுப் புல் வாங்கினால், பழையது ஏன் கெட்டது என்று விளக்கம் எழுத வேண்டும் என்றார் இயக்குநர். விளக்கம் எழுதுகிற ஆள் விடுப்பில் இருந்தார்.

அடுத்த இரண்டு வாரமும் ஒத்திகை நடந்தது. அதிகாரி எந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருவார், எந்த இடத்தில் நின்று புன்னகை செய்வார் என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அக்கா இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும் பூஞ்சை கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார். "கூப்பிடறேன்க்கா" என்று வைத்தார். திரும்பக் கூப்பிடவில்லை.

அதிகாரி வந்தார். இயக்குநர் கொட்டகை முன்னால் நின்று, "இந்தப் பன்னிரண்டும் பரிபூரண ஆரோக்கியத்தோட இருக்கிற..." என்று தொடங்கினார். வரிசையில் மூன்றாவதாக நின்ற ஆடு கழுத்தை நீட்டி ஒரு இருமல் இருமியது. அறுபது வயசுச் சுருட்டுக்காரன் இருமுவது போல அடிவயிற்றிலிருந்து வந்தது.

உடனே இயக்குநர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். துணை இயக்குநருக்கு விஷயம் புரிந்து அவரும் இருமினார். ஆடு மறுபடி இருமியது. அதை அமுக்கப் பிரிவுத் தலைவர்கள் நாலு பேர் சேர்ந்து இருமினார்கள். இவ்வளவு பேர் துணைக்கு இருக்கும் தைரியத்தில் மற்ற ஆடுகளும் தொடங்கின. தட்டச்சு அம்மாள் ஒவ்வொரு இருமலுக்கும் நடுவே இடம் விட்டு நிதானமாக இருமினார். பூஞ்சையும் இருமினார். நன்றாகவே இருமினார். ஒன்பது வருஷம் இருமலைப் பற்றிப் படித்தவர் அல்லவா, அவருடைய இருமல்தான் ஆட்டினுடையதற்கு மிகவும் பக்கத்தில் இருந்தது என்று பிற்பாடு பாராட்டினார்கள்.

"இங்க எல்லாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்று அதிகாரி கவலையோடு கேட்டார்.

"உழைப்பு சார்" என்றார் இயக்குநர்.

அதிகாரி நெகிழ்ந்துபோய், ஊழியர் நலனைப் பற்றி நாலு வரி குறித்துக்கொண்டார். ஆனால் காரில் ஏறும் முன், "ஒன்பது வருஷமா இந்தப் பிரிவு நடக்குதே, என்ன கண்டுபிடிச்சீங்கன்னு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இயக்குநரின் முகம் அப்போதுதான் உண்மையாகவே நோயாளி முகம் ஆனது.

அன்று சாயங்காலம் அத்தானிடமிருந்து கைபேசியில் ஒரு செய்தி வந்திருந்தது. 'பதினொண்ணு.' அவ்வளவுதான். அத்தான் எப்போதும் குறைவாகப் பேசுகிறவர். பூஞ்சைக்கு முதலில் அது என்ன எண் என்று புரியவில்லை. புரிந்தபோது இருமலைப் பாராட்டி யாரோ கொடுத்திருந்த மிட்டாயை மேசைமேல் வைத்துவிட்டார். மறுநாள் விடுப்புகூடச் சொல்லாமல் முதல் பஸ் பிடித்தார்.

அக்கா பட்டியில் இருந்தாள். அவரைக் கண்டதும் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். தேதி வாரியாகக் கோடு போட்டு, ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பெயர் எழுதி, காலையில் எத்தனை இருமல், மத்தியானம் எத்தனை, சாயங்காலம் எத்தனை என்று எழுதியிருந்தாள். கொம்பொடிஞ்சவள், நெத்திச்சுட்டி, கோவக்காரி. செத்த ஆட்டின் பெயருக்கு எதிரே ஒரு வட்டம். பதினோரு வட்டம். நிலையத்தின் ஒன்பது வருஷக் கோப்புகளில் இவ்வளவு சுத்தமான பதிவு ஒன்றுகூட இல்லை.

"புல்லு எங்கக்கா?"

"அங்கதான். நீ சொன்ன மாதிரி அப்படியே இருக்கு."

பட்டிக்குப் பின்னால் கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பூஞ்சை கையை உள்ளே விட்டார். சூடாக இருந்தது. பிரித்ததும் சாம்பலும் பச்சையும் கலந்த தூள் மாவு போல எழும்பி முகத்தில் அடித்தது. இருமினார். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் இருமினார். அதிகாரிக்காக இருமியது எல்லாம் இதன் முன்னால் வெறும் நாடகம்.

அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"டாக்டர் வந்தாருடா. ரெண்டாவது ஆடு செத்தப்பவே வந்து பாத்தாரு. புல்லை மாத்துங்கன்னாரு. நான்தான் சொன்னேன், என் தம்பி இதுக்குன்னே இருக்குற ஆபீஸ்ல பெரிய ஆளு, அவன் மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்னு. அவரு, அப்படியா, அப்ப அவருக்குத்தான் தெரியும்னு போயிட்டாரு."

"அக்கா..."

"எனக்கும் முத நாளே தோணுச்சு. எங்க ஆளும் சொன்னாரு. நீ படிச்சவனாச்சேன்னு விட்டோம்." ஆடுகள் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாடா? அன்னைக்கே?"

பூஞ்சை பொய் சொல்லலாமா என்று யோசித்தார். அது அவருக்குக் கைவந்த கலை. 'ஆய்வில் உள்ளது' என்று சொன்னால் போதும்.

"தெரியும்" என்றார்.

அக்கா நோட்டுப் புத்தகத்தைத் திரும்ப வாங்கவில்லை. வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவரும் அத்தானும் சாயங்காலம்வரை புல்லை வாரிப் பள்ளத்தில் கொட்டி மண் மூடினார்கள். அத்தான் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை செய்தார். பூஞ்சைக்கும் ஒரு துணி கொடுத்தார். அந்தத் துணி பூஞ்சைக்கு வசவைவிடக் கனமாக இருந்தது.

ஊர் திரும்பியதும் நேராகக் கொட்டகைக்குப் போனார். கொட்டகைக்காரரிடம், "கிடங்குச் சாவி குடுங்க" என்றார்.

"அனுமதி சார்?"

"கிடையாது."

கொட்டகைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாவியோடு தானும் வந்தார். இருவரும் கெட்டுப்போன கட்டுகளை வெளியே இழுத்துப் போட்டார்கள். கொட்டகைக்காரர் தனக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து காய்ந்த நல்ல புல் கொண்டுவந்தார். ஒரு ஆடு பூஞ்சையின் சட்டையைப் பிடித்துக் கடித்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் ஒரு ஆட்டின் தலையில் கை வைத்தார்.

மூன்று வாரத்தில் கொட்டகையில் இருமல் அடங்கியது. நான்காவது வாரம் குறிப்பாணை வந்தது. 'பன்னிரண்டு ஆடுகளும் உரிய அனுமதியின்றிக் குணமடைந்தது பற்றி மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

பூஞ்சை விளக்கம் எழுதினார். தட்டச்சு அம்மாளிடம் கொடுக்காமல் கையாலேயே எழுதினார். புல் நனைந்தது, பூஞ்சை பிடித்தது, ஆடுகள் அதை மூச்சில் இழுத்தன, புல்லை மாற்றியதும் நோய் முற்றாதவை தேறின. இது எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். சொல்ல வேண்டிய நாளில் சொல்லாததால் என் அக்காவின் ஆடுகள் பதினொன்று செத்தன. லென்ஸ் பல வருஷமாகக் கெட்டிருக்கிறது. நல்ல நிலையில் உள்ளதாக நான் போட்ட கையெழுத்துகள் பொய். இவ்வளவையும் எழுதி, அக்காவின் நோட்டை ஆதாரமாக இணைத்தார். வேலை போய்விடும் என்று எதிர்பார்த்தார். போனால் நிம்மதி என்றும் தோன்றியது. மேசையில் இருந்த தன் பொருள்களை ஒரு பையில் போட்டு வைத்தார். பை பாதிகூட நிறையவில்லை.

இயக்குநர் கூப்பிட்டார். மேசையில் அந்த நோட்டு விரிந்து கிடந்தது. அவர் கண்ணில் நீர் தளும்பியது.

"நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியல. இதைப் பாருங்க. பாதிக்கப்பட்ட மந்தை, தீவனம் மாத்தாதது, இறப்பு பதினொண்ணு. இன்னொரு பக்கம் நம்ம ஆடு, தீவனம் மாத்தினது, இறப்பு இல்ல. ரெண்டு குழு. ஒப்பீடு. ஒன்பது வருஷமா நாம தேடினது இதான்யா. மேலிடத்துக்கு என்ன எழுதறதுன்னு நான் தூங்காம கெடந்தேன்."

"சார், அது ஒப்பீடு இல்ல. நான் தப்பா சொன்னேன். அவங்க நம்பிட்டாங்க."

"நம்பினாங்க இல்ல? அதான் ஒத்துழைப்பு. ஆய்வாளர்கள் எல்லாருக்கும் அப்படி ஒரு அக்கா கிடைக்காது."

லென்ஸ் பற்றிய பக்கத்தை மட்டும் இயக்குநர் தனியாக எடுத்து, நாலாக மடித்து, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "இது வேணாம். படிக்கிறவங்களுக்குக் கவனம் சிதறும்."

ஆண்டு விழாவில் அந்த வருஷத்தின் சிறந்த ஆய்வாளர் விருது பூஞ்சைக்குக் கிடைத்தது. மேடையில் அவர் பெயருக்குக் கீழே ஆடு ஒன்றின் படம் போட்டிருந்தார்கள். அது வெள்ளாடு. இயக்குநர் கேடயத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

பூஞ்சை ஒலிபெருக்கி முன்னால் நின்றார். நன்றி சொல்லிவிட்டு இறங்குவது அவர் திட்டம். பழைய பூஞ்சையாக இருந்தால் அதைக் கச்சிதமாகச் செய்திருப்பார். முன்வரிசையில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கொட்டகைக்காரர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் பதினோரு ஆடும் பூஞ்சை நோயால சாகல" என்றார். "பூஞ்சையாலதான் செத்துது. அதாவது என்னால. புல்லை மாத்துன்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா அதெல்லாம் இன்னைக்கு மேஞ்சுக்கிட்டு இருக்கும். எனக்குத் தெரிஞ்சும் சொல்லல. இந்த விருதை எனக்குக் கொடுக்கக் கூடாது. இந்த நிலையம் எதுக்கு இருக்குன்னு யாராவது என்னைக் கேட்டா, எனக்குப் பதில் தெரியாது."

முன்வரிசை அதிகாரிகள் அவரையே பார்த்தார்கள். கடைசியாக உண்மை போய்ச் சேர்ந்துவிட்டது என்று பூஞ்சை நினைத்தார். இயக்குநர் மெல்ல எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டு, ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தன்னடக்கம்" என்றார் தழுதழுத்த குரலில். "நல்ல ஆராய்ச்சியாளனுக்கு முதல் அடையாளம் இதுதான்."

முன்வரிசை எழுந்து நின்றது. பின்வரிசைகளும் எழுந்தன. கைதட்டல் ஓயவே இல்லை. கேள்விக்குப் பதில் தெரியாது என்று அவர் சொன்னதை அதிகாரி ஒருவர் குறித்துக்கொண்டு, 'மேலும் ஆராய வேண்டும்' என்று பக்கத்தில் எழுதினார். பிரிவுக்கு இன்னும் ஒன்பது வருஷம் நீட்டிப்பு அன்றைக்கே அறிவிக்கப்பட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புல்லைப் புதைத்த நாளிலிருந்து எல்லா ஞாயிறும் பூஞ்சை மேட்டு நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் பேசுவதில்லை. துடைப்பத்தையோ கூடையையோ எதிரில் வைத்துவிட்டு நகர்வாள். அவர் எடுத்துக்கொண்டு வேலை செய்வார். இருபத்தொன்பது ஆடுகள் மிச்சம். பல தேறிவிட்டன. இரண்டு மட்டும் இன்னும் காலையில் இருமின.

அன்றைக்கு அவர் பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"ஏதோ விழாவாமே. போன்ல போட்டோ பாத்தோம்."

"ஆமாக்கா."

"நம்ம ஆட்டுக்காகவா?"

"ஆமா."

"நீ என்ன சொன்ன?"

"நடந்ததைச் சொன்னேன். நான்தான் காரணம்னு சொன்னேன்."

"அதுக்கு அவங்க என்ன செஞ்சாங்க?"

"கைதட்டினாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும். எழுந்து நின்னு தட்டினாங்க."

அக்கா அவர் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். சிரிப்பு வரப்போகிறதா அழுகை வரப்போகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. கையிலிருந்த வாளியை அவரிடம் நீட்டினாள்.

"சரி, போய்த் தண்ணி வை. அந்த ரெண்டுக்கும் தனியா வை."